பன்னுவுக்கு நான் கொடுத்த மாத்திரை

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கத்தியதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளையிடம், பக்கத்தில் மருமகள் நிற்கும்போது, "குடுத்துடாதடா, கொன்னுடுவ!" என்று அலறிவிட்டுப் போனை வைப்பது எந்தத் தாய்க்கும் அழகில்லை. நீ கேட்டது சாதாரணக் கேள்விதான். "அம்மா, செல்லிக்கு உடம்பு சுடுது. வீட்ல பாராசிட்டமால் இருக்கு. எவ்ளோ குடுக்கலாம், பாதியா, காலா?" தேன்மொழி தாய்வீட்டுச் சீராகப் பாத்திரத்தோடு கூடையில் வைத்துக் கொண்டுவந்த பூனைக்கு, நர்ஸ் அம்மாவிடம் மருந்து கேட்கிறாய். அதில் என்ன தப்பு? பிறகு நான் பதறிப்போய்த் திரும்ப அழைத்தபோது தேன்மொழிதான் எடுத்தாள். மாட்டு டாக்டரோ பூனை டாக்டரோ, மாத்திரை எதுவும் கொடுக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடு என்றேன். சமர்த்துப் பெண், ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் ஆட்டோ பிடித்தாள். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருக்கிறது, ஊசி போட்டார்கள், இப்போது மீன் தின்கிறது என்று கேட்டு நிம்மதியானேன். ஆனால் நீ அவளிடம், "அம்மாவுக்குப் பன்னு செத்ததுலேர்ந்து பூனைன்னாலே இப்டித்தான், மனசு விட்டுடுச்சு" என்று சொன்னாயாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுதத்தான் இந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் நான் நடுவில் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

ஜீவனஹள்ளிச் சந்தில் நான் யார் என்று உனக்குத் தெரியும். பிரேசர் டவுனில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்த்த வெறும் நர்ஸ்தான். ஆனால் நம் சந்தில் நான் பெரிய டாக்டர். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், "நர்சம்மா வந்துட்டாங்களா?" என்று நான் பஸ் இறங்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். டிபன் பாக்ஸைக்கூட உள்ளே வைக்காமல் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "இதுக்கு முன்னாடி என்ன முழுங்கின? மறைக்காம சொல்லு." மறைத்தவர்களை நான் விட்டதில்லை. ஆறு வயதிலேயே நீ என் புடவை முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை உருட்டி, அதே குரலில் உன் அப்பாவைக் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பாய். எனக்கு அதில் பெருமை தாங்காது. அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பன்னுவை நீ பேக்கரிக்குப் பின்னாலிருந்து சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தபோது உனக்கு ஒன்பது வயது. பன் நிறத்தில், உள்ளங்கை அளவில் இருந்தது. நான் மனிதக் குழந்தையை வளர்ப்பதுபோலவே அதையும் வளர்த்தேன். டம்ளர் டம்ளராகப் பால் ஊற்றினேன். அது வயிறு ஊதி, வீடெல்லாம் கழிந்து வைத்தது. பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப் பால் செரிக்காது, தண்ணீர்தான் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தயிர்சாதம், சாம்பார் சாதம். நாயாவது நம் தட்டில் விழுவதைத் தின்று காலம் தள்ளும். பூனை மாமிசம் தின்னவே பிறந்தது, இறைச்சியில் மட்டுமே கிடைக்கும் சில சத்து இல்லாவிட்டால் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். தேன்மொழி சைவம் என்று தெரியும், சந்தோஷம். செல்லி சைவம் இல்லை என்று அவளிடம் பக்குவமாகச் சொல். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை மட்டும் பிசைந்து வைத்துவிடாதீர்கள். அது பூனையின் ரத்தத்தையே கெடுத்துவிடும்.

இன்னொன்று, வீடு துடைக்கும் பினாயில். ஆஸ்பத்திரி வாசம் வந்தால்தான் எனக்கு வீடு சுத்தமானது மாதிரி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பூனை அந்த ஈரத் தரையில் நடக்கும், பிறகு மூலையில் உட்கார்ந்து நாலு பாதத்தையும் நக்கும். அதன் மேலே படுவது எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது என்பதும் இதே மாதிரிதான். நாய்க்கு ஒன்றும் ஆகாத மருந்தில் பூனை துடித்துப்போகும். இதையெல்லாம் நான் பின்னால் கற்றுக்கொண்டேன். எதற்குப் பின்னால் என்று சொல்கிறேன்.

எதிர்வீட்டு அந்தோணி அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் தம்பி ஜெரோமை நீ மறந்திருக்க மாட்டாய். மொட்டைமாடியில் புறா வளர்த்தவன், இருபது இருபத்தொரு வயசுப் பையன். உனக்குக் கிரிக்கெட்டில் ஸ்பின் பந்து போடக் கற்றுக்கொடுத்தவன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப் பையை என்மேல் வீசிவிட்டு, "ஜெரோம் அண்ணா!" என்று படியேறிப் போய்விடுவாய். பன்னு ஒருமுறை அவனுடைய வெள்ளைப் புறா ஒன்றைப் பிடித்துக் கொன்றுவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பூனைன்னா அப்டித்தான் சிஸ்டர். நான்தான் கூண்டை சரியா சாத்தல" என்றான். அன்று முழுக்க அவன் முகம் வாடியிருந்தது. ஆனால் பூனை மேல் ஒரு கல்கூட எறியவில்லை. இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பன்னு வாலிபனானதும் சண்டைக்காரனாகிவிட்டான். காயடிக்காத ஆண்பூனை அப்படித்தான், ஊரெல்லாம் சுற்றும், கண்டதோடெல்லாம் சண்டை போட்டுக் கடிபட்டு வரும். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைக்கும். அந்த வியாழக்கிழமை காலையில் அவன் அப்படிக் கடிபட்டு வந்து கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தான். மீன் தலையைக் காட்டினாலும் திரும்பவில்லை. பூனை வலியை வெளியே காட்டாது சரவணா. அழாது, நொண்டாது, ஒளிந்துகொள்ளும், சாப்பாட்டை நிறுத்தும், அவ்வளவுதான். சில சமயம் வலியிலும் குர்ரென்று குறுகுறுக்கும், நாம் அது சந்தோஷமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மேல் பூனை சாப்பிடாவிட்டால் காத்திருக்காதே, அதன் ஈரல் கெட்டுவிடும். செல்லிக்குத் துணையாக ஆண்பூனை ஏதாவது கொண்டுவந்தால், அது மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிமுக்கி மூத்திரம் வராமல் தவித்தால், மணி பார்க்காமல் டாக்டரிடம் ஓடு. அரைநாள் தாமதம்கூட அதன் உயிரை எடுத்துவிடும்.

நான் அன்று செய்தது ஒரு நர்ஸ் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வேறு யாராவது இருந்தால் மஞ்சளைத் தடவிவிட்டு விட்டிருப்பார்கள், பன்னு பிழைத்திருப்பான். நான் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்று மூன்று காட்டியது. நமக்குத்தான் அது கடுங்காய்ச்சல். பூனைக்கு நூற்றொன்று, நூற்றிரண்டு என்பதே இயல்பான சூடு, அவனுக்கு இருந்தது லேசான காய்ச்சல்தான். அது தெரியாமல் நான், குழந்தைக்குக் கணக்குப் போடுவதுபோல எடைக்கு இவ்வளவு என்று மனதுக்குள் போட்டு, கூட ஒரு துளி இருந்தால் பரவாயில்லை என்று ஒரு பாராசிட்டமாலைக் காலாக உடைத்து, நுணுக்கி, அவன் வாயைத் திறந்து தேய்த்துவிட்டேன். நீ பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாய். "மருந்து குடுத்துட்டியா? அப்ப சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்று எனக்கு லீவு. மத்தியானம் பார்த்தேன், சூடு குறையவில்லை. இன்னொரு கால் கொடுத்தேன்.

மனிதனுடைய ஈரல் அந்த மருந்தைச் சிரமமில்லாமல் உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வேலை தெரியாது. மருந்து உள்ளேயே விஷமாகி, ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போய்விடும். சாயங்காலம் பன்னுவின் முகம் வீங்கியது. வாயில் எச்சில் வழிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு ரோஜா நிறமாக இருக்க வேண்டும், அவனுக்குச் சேற்று நிறமாக இருந்தது. மறுநாள் காலையில் நீ போனதும் அவனைக் காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நம் சந்து மல்லிகா தன் ஆட்டோடு உட்கார்ந்திருந்தாள். "நீங்களே பெரிய டாக்டர், நீங்க எதுக்கு நர்சம்மா இங்க வந்தீங்க?" என்று சிரித்தாள்.

டாக்டர் இளைஞர், கன்னடக்காரர். பன்னுவின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஏனாத்ரூ மாத்ரே கொட்ரா மேடம்?" என்று கேட்டார். மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று. அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பேரை அதே கேள்வி கேட்டிருக்கிறேன், அந்தக் கேள்வி எதற்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? மல்லிகா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனூ கொட்டில்ல சார்" என்றேன். ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். அப்படியானால் எங்கேயோ விஷம் தின்றிருக்கும் என்று சொல்லி, தனக்குத் தோன்றிய ஊசியைப் போட்டார். வீட்டுக்கு வரும் வழியிலேயே, பஸ்ஸில், என் மடியில் பன்னு செத்துப்போனான்.

மாத்திரை கொடுத்தது தெரியாமல் செய்தது. அதற்காக நான் என்னை எப்போதோ மன்னித்துவிட்டேன். இல்லை என்று சொன்னேனே, அது தெரிந்தே செய்தது. அடுத்த வாரம் தனியாக அந்த டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீவு நர்ஸ் அல்வா மேடம்?" என்று மட்டும் கேட்டார், நீங்கள் நர்ஸ்தானே என்று. இதற்கு மாற்று மருந்து ஒன்று இருக்கிறது, அன்றே சொல்லியிருந்தால் தேடிப் பிடித்து முயன்று பார்த்திருக்கலாம், பிழைத்திருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை "கோயிலுக்குப் போறேன்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம்தான் போனேன். பூனைகளைப் பிடித்துக் கொடுப்பேன், கட்டுப் போடுவேன். மேலே எழுதியதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். சந்தில் திரிந்த பூனைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காயடித்து, வெறிநாய்க்கடி ஊசி போட்டுக் கொண்டுவந்து விட்டேன். வீட்டுக்குள் மட்டும் ஒன்றையும் சேர்க்கவில்லை. நீ எத்தனையோ முறை கேட்டாய். உன் கையில் இன்னொரு பூனையைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன்னிடம் சொன்ன பொய்க்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ வந்து, பழைய துண்டில் சுற்றியிருந்த பன்னுவைப் பார்த்தாய். "நீதான் மருந்து குடுத்தியேம்மா, எப்டி செத்தான்?" என்று கேட்டாய். நீ அழவில்லை, கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாய். அதற்குள் மல்லிகா சந்து முழுக்க "நர்சம்மா பூனைக்கு யாரோ விஷம் வெச்சுட்டாங்க" என்று சொல்லி முடித்திருந்தாள். நான் சொன்னேன்: "மாடியில புறாத் தீனிகிட்ட எலி மருந்து கிடந்துருக்கும்டா. ஜெரோம் வெச்சிருப்பான்." யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு, அது சந்து முழுக்கப் பரவியபோதும், திருத்தவில்லை. நீ மறுபடி அந்தப் படியேறவில்லை. அந்த கிறிஸ்துமஸுக்கு அந்தோணி அண்ணன் மனைவி ஸ்டெல்லா அண்ணி கேக்கும் கல்கல் பலகாரமும் தட்டில் வைத்து அனுப்பியபோது, நீ அதை வாசல் சாக்கடையில் கொட்டினாய். ஜெரோம் எதிர்த்த மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்து அவன் அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிடவே இல்லை. கொஞ்ச நாளில் புறாக்கூண்டு காலியானது, அவன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். நல்லதுதான், சங்கடம் தீர்ந்தது என்று நினைத்தவள் உன் அம்மா.

உன் போனுக்கு அடுத்த நாள் முதலில் உன் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பதினஞ்சு வருஷமாவா?" என்றார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். இருவரும் லிங்கராஜபுரத்துக்குப் போனோம். அந்தோணி அண்ணன் இப்போது அங்கேதான் இருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. "வாங்க சிஸ்டர்! உங்க பையன் கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். ஸ்டெல்லா அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, டாக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய், உன்னிடம் சொன்னது, எல்லாம்.

அந்தோணி அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவன் மாதா மேல சத்தியம் பண்ணான் சிஸ்டர். எலி மருந்தே வாங்கலன்னு. நான் நம்பல. நர்சம்மாவே சொல்றாங்க, அவங்களுக்குத் தெரியாதா, அவங்க சொன்னா தப்பா இருக்குமான்னு கை நீட்டிட்டேன். புறாவ எல்லாம் நான்தான் சந்தையில வித்தேன். மறுவாரம் அவன் கிளம்பிட்டான். இப்பவும் விசேஷம்னா வருவான், 'அண்ணா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவான், சாப்ட்டுப் போயிடுவான். எங்க வீட்ல ஒரு ராத்திரி தங்கினது இல்ல."

சரவணா, உனக்கு ஒரு நண்பனை இல்லாமல் செய்தேன் என்று மட்டும்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஓர் அண்ணனையும் தம்பியையும் பிரித்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. நான் யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் அவர் தன் தம்பியை நம்பியிருப்பார். நர்சம்மா என்பதால் என்னை நம்பினார். ஸ்டெல்லா அண்ணிதான் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

ஜெரோமிடம் நானே பேசுகிறேன், நம்பர் கொடுங்கள் என்றேன். "நீங்க அப்புறம் பேசுங்க சிஸ்டர். அடிச்சவன் நான்தானே" என்று சொல்லி அவரே செல்போனை எடுத்தார். "தம்பி, அந்தப் பூனை..." என்று ஆரம்பித்தவர் அதோடு போனை ஸ்டெல்லா அண்ணியிடம் நீட்டினார். அண்ணி அதை வாங்கி எல்லாவற்றையும் சொன்னார், சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தார். ஜெரோமுக்கு இப்போது முப்பத்தாறு வயது இருக்கும், இரண்டு பெண்குழந்தைகள். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"சின்னவனுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

இல்லை, உன்னிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்கிறேன் என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் லிங்கராஜபுரத்துக்கு வருகிறான், ராத்திரி தங்கப்போகிறானாம். அவன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்மேல் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, எனக்கு அது உறைக்க வேண்டும். ஆனால் இதைப் படித்து முடித்ததும் அவனுக்கு போன் போடு. உனக்குத் தெரிந்துவிட்டது என்று நீயே உன் வாயால் அவனிடம் சொல்.

உன் அம்மா